ஐயம் திரிபாகாமை

கடையநல்லூர், சங்கரன்கோயிற் பக்கத்தார்க்குப் 'புற்று' என்னுஞ் சொல் அச்சந் தருவதன்று. சங்கரன்கோயிற் புற்றுமண்ணைப் பிணிதீர்க்கும் மருந்தென்று அன்போடு கொண்டுசென்று மெய்யிற் பூசிக்கொள்வார் பலர். அச்சொல்லே ஒரு நோயின் பெயராய்ச் செவியிற் படுங்கால் உயிரை நடுங்கச் செய்கின்றது. திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்று சோதனைகள் செய்துகொண்டு, அவற்றின் முடிபை எதிர்நோக்கியிருக்கும் நாட்களில் ஒருவர் தம் உள்ளத்தை நிறுத்துமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சிவஞான சித்தியார் அளவையியல் கற்றார்க்கு ஐயமுந் திரிபும் வேறென்பது தெரியும். தொலைவில் நிற்பது குற்றியோ மகனோ என இருதலையும் பற்றித் துணியாது நிற்றல் ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிதல் திரிபு. இரண்டும் மெய்யுணர்வல்லவேனும் தம்முள் வேற்றுமை பெரிது. ஐயம் தன் குறையைத் தானறியும். ஆதலின் மேலும் காண விழையும். திரிபோ தன்னையே துணிவென்று கருதுதலின் காட்சியைத் தேடாது.

காத்திருப்பார்க்கு வருந் துன்பத்திற் பெரும்பகுதி ஐயத்தைத் திரிபாக்கிக் கொள்ளுதலால் விளைவதே. நோயின் பெயர் தெரிந்ததெனின், தெரிந்தது பொதுவியல்பு மாத்திரமே. அஃது எவ்வகையது, எத்துணைப் பரவியது, எம்மருந்திற்கு இணங்குவது என்னுஞ் சிறப்பியல்பு இன்னும் தெரிந்திலது. அதற்குள் 'எல்லாம் முடிந்தது' என்று துணிதல் ஒரு திரிபு. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சோதனைக்கே செல்லாதொழிதல் மற்றொரு திரிபு. ஒன்று அச்சத்திற் பிறந்தது. மற்றொன்றும் அச்சத்திற் பிறந்ததே.

முடிபு தாழ்த்து வருதலைத் தீக்குறியென்று அஞ்சுவாருமுளர். அது பொருந்தாது. என்னை? எடுக்கப்பட்ட தசைத்துணுக்குப் பார்மலினில் இட்டுப் பதப்படுத்தப்பெற்று, மெழுகிற் பதிக்கப்பெற்று, மிக மெல்லிய சீவல்களாக அரியப்பெற்று, சாயமேற்றி நுண்ணோக்கியால் நோக்கப்பெறும். வேறு சாயங்களும் இட்டு நோக்க வேண்டின் இன்னுஞ் சில நாட்கள் கழியும். செவ்விதாகக் காண்டற்பொருட்டு நேருந் தாழ்வே அது.

இந்நோய்க்குத் தம் தங்கையாரை இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரது முயற்சியால் 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் மையம் 1981-இல் தோன்றிற்று. முற்காலத்தில் இந்நோயின் பெயரே சாவின் பெயராக மதிக்கப்பட்டது. இக்காலத்திலோ தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டு நீங்குவனவும் இந்நோயிற் பலவுள. எல்லாம் நீங்குமென்று யாம் கூறேம்; தம்முடையது எத்தகையதென்று சோதனை காட்டுமுன் எவருந் துணிதற்கில்லை என்பதே எம் கருத்து.

அற்றேல், இறைவனை நம்பினார்க்கு அச்சம் உண்டாகலாமோ எனின், கூறுதும். பற்றி ஐயுறுதல் மனத்தின் இயல்பு. துணிதல் புத்தியின் தொழில். நள்ளிரவில் உறக்கம் நீங்குதலும் உணவு கசத்தலும் மனத்தின் இயல்பால் நிகழ்வன. அவை அன்பின் குறைவல்ல. புத்தி மட்டும் காட்சிக்கு முந்தித் துணியாதிருத்தல் வேண்டும்.

இனி, வந்தது வினைப்பயனாயின் சோதனையும் மருந்தும் எற்றுக்கு என்பாரும், 'என்ன பாவஞ் செய்தனையோ' என்று நோயாளியை நோக்கி வினவுவாருமுளர். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது திருஞானசம்பந்தர் அவர்களை வினையென்று சொல்லி வாளா விடுத்தாரல்லர். உய்யும் வழியை நாடாதிருத்தலே குறையென்று இடித்துரைத்து, அந்நோய் நீங்கப் பதிகம் பாடியருளினார். எவ்வினை எப்பயனாயிற்றென்பது இறைவனொருவனே அறிவது. அதனைத் தாமறிந்தார்போல வினவுதலும் ஒரு திரிபேயாம். நொந்த உள்ளத்தை மேலும் நோவச்செய்த அச்சொல், சொன்னவர்க்கு ஆகாமியமாய் ஏறும்.

ஆகலின் அந்நாட்களிற் செய்யத்தக்கன சில உள. டாக்டரிடம் கேட்கவேண்டுவனவற்றை ஒரு தாளிற் குறித்துவைத்துக் கொள்ளுக. நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாக உடன்கொண்டு செல்லுக. அயலார் ஒருவர் இந்நோயால் இறந்த கதையைத் தம் கதையாகக் கொள்ளற்க. அவரது சிறப்பியல்பு வேறு, தமது வேறு. வீட்டார்க்குத் தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் சொல்லுக. நாள்தோறுஞ் செய்யுந் தொழிலையும் வழிபாட்டையும் இயன்றவளவு விடாதிருக்க. ஐந்தெழுத்தோதுதலை முடிபை மாற்றுதற்குரிய விலையாகக் கருதற்க. முடிபு யாதாயினும் உடன்நிற்குந் துணையைப் பற்றுதல் அது. உறக்கமின்மை பலநாள் நீடிப்பின் அதனையும் டாக்டரிடம் நாணாது உரைக்க.

முடிபு வருநாளில் அதற்கு வேண்டிய துணிவு கொள்ளலாம். அதுகாறும் ஐயத்தை ஐயமாகவே வைத்திருத்தல் கோழைமையன்று, அறிவின் ஒழுக்கமேயாம்.