லாச்சிக்குள் இருக்கும் படிவம்

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்தோம். வெளியூராருக்கு இது புரியாது. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்களூரில் பாதை என்றுதான் பேர். பக்கத்தில் மண்டூர் போக ஓர் அம்மா. களுவாஞ்சிகுடிக்கு வந்து வங்கிப் புத்தகத்தில் வட்டி பதிந்துகொண்டு திரும்புகிறார்.

"மனே, இதில ஏன் குறைச்சுப் போட்டிருக்கிறாங்க?"

வாங்கிப் பார்த்தேன். காணி விற்ற பத்து இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது. மூன்று மாத வட்டி 20,000 ரூபாய்; கீழ்வரியில் 2,000 கழிவு. முற்பண வருமான வரி. 5 வீதமாக இருந்தது 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம்.

ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர், அதைச் சுயபிரகடனப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் வங்கி இந்த வரியைப் பிடிக்காது. அம்மாவுக்கு இந்த வட்டியைத் தவிர வேறு வரும்படி கிடையாது. ஆண்டுக்கு 8,000 ரூபாய் சும்மா போகிறது. ஏற்கெனவே பிடித்ததைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் இறைவரித் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலை நினைத்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

கனடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் 2009இல் அங்கே தொடங்கிய வரியில்லாச் சேமிப்புக் கணக்கைப் பற்றிப் போனில் பெருமையாகச் சொல்வார்கள். இந்த அம்மாவுக்கு அப்படியொரு கணக்குத் தேவையில்லை, அந்த ஒரு தாள் போதும். அதையும் ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. ஏப்ரலில் வரியாண்டு பிறக்கும்போது புதிதாகக் கொடுக்க வேண்டும்.

"வங்கியில ஒண்டும் சொல்லல்லையா?" என்றேன்.

"நல்ல புள்ளையள் மனே. கதிரை போட்டு இருத்தினாங்க. தண்ணியும் தந்தாங்க."

அவருக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. குளிரூட்டிய அறையையும் சிரித்த முகத்தையும் கண்டதுமே நல்ல சேவை என்று நாம் எழுந்து வந்துவிடுகிறோம். "அம்மா, உங்களுக்கு வேற வருமானம் இருக்கா?" என்று கவுண்டரில் ஒருவர் கேட்டிருந்தால் தண்ணீர்கூடத் தேவைப்பட்டிராது. படிவம் அவர்களின் லாச்சிக்குள்தான் கிடக்கிறது. கேட்டால் எடுத்துத் தருவார்கள். இப்படியொன்று இருக்கிறதென்றே தெரியாதவர் எப்படிக் கேட்பது? வேலைப்பளு என்பார்கள், உண்மைதான். ஆனாலும் வைப்பைப் போட வந்த அன்று அதே கவுண்டரில் எத்தனை தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்! அதோடு இதுவும் ஒன்று.

நிதி நுகர்வோரைப் பாதுகாக்க மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. குறை இருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சரிவராவிட்டால் மத்திய வங்கியை 1935 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். இதையும் அம்மாவுக்குச் சொன்னேன். முறைப்பாடு என்றதும் முகம் சுருங்கியது. "பாவம் அந்தப் புள்ளையள்" என்றார்.

பாதை வந்து கரையில் முட்டியது. புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றியபடி கேட்டார்: "அப்ப நாளைக்கும் ஒருக்கா இஞ்ச வரவேணுமா மனே?"