காடு குடித்த மிச்சம்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப். அதையும் கடந்து போகும் காட்டுப்பாதை பரம்பிக்குளத்தில் முடிகிறது. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும், அங்கே வண்டியில் போக நம் பொள்ளாச்சிதான் வழி. இந்தப் பாதையில் தூணக்கடவு நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் சஃபாரி வண்டி ஊர்ந்து போகும்போது, எல்லோர் கண்ணும் புலியைத் தேடும். தேடுகிற கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரிவதில்லை. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, "பேசாம இருங்க" என்று கைகாட்டும்போதுதான் தேடல் ஓய்ந்து பார்வை தொடங்குகிறது.

அப்படி நின்ற ஒரு பயணத்தில், கரையில் ஒரு காட்டெருமை இறங்கி நின்றது. கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. வந்ததும் அது குடித்துவிடவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. ஒரு காது எங்கள் பக்கமும் மறு காது காட்டுப் பக்கமும் திரும்பின. பிறகு தலையைத் தாழ்த்தி, உதடு மட்டும் நனையும்படி, தண்ணீரைக் கலக்காமல் உறிஞ்சியது. மடக்கு மடக்காக நீர் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. தாகம் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டது. நாளைக்கு என்று ஒரு வாய் கூடுதலாகக் குடிக்கவில்லை. தாடையிலிருந்து வழிந்த துளிகள் மறுபடி நீரிலேயே விழ, அது திரும்பி மரங்களுக்குள் நடந்தது.

அந்தத் துளிகள் எங்கே போகும்? பரம்பிக்குளத்து நீர் சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் இறங்கி, சர்க்கார்பதியில் மின்சாரம் கொடுத்து, சம மட்டக் கால்வாயில் மலையடிவாரமாகவே நடந்து திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. பிறகு உடுமலை, பல்லடம், காங்கேயம் என்று நம் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் பிரிகிறது. பி.ஏ.பி. என்று நாம் செல்லமாகச் சொல்லும் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. நம் வாய்க்காலில் வரும் தண்ணீரைக் காடு ஏற்கெனவே குடித்திருக்கிறது. மானும் யானையும் நீர்நாயும் குடித்து விட்ட மிச்சம்தான் நமக்கு வருகிறது.

இதை எண்ணும்போது எனக்குக் குறைவாகத் தோன்றவில்லை, கைகூப்பத்தான் தோன்றுகிறது. இறைவனுக்குப் படைத்த பிறகு கைக்கு வரும் மிச்சத்தை நாம் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கொங்கு நாட்டுப் பட்டிப் பொங்கலிலும் முதல் கவளம் மாட்டுக்குத்தான், பிறகுதான் வீட்டுக்கு. உழைத்தவர் முதலில் உண்ண வேண்டும் என்பது நம் முன்னோர் வைத்த முறை.

காட்டு உயிர்களும் தண்ணீருக்காக உழைத்தவைதாம். இருவாச்சி பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிறது. விதை மரமாகிறது. மரங்கள் கூடிய சோலை, பருவமழையைத் தடுத்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிறது. மண் அதைக் கோடை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்குத் தருகிறது. ஆறு வற்றினால் யானை மணலைத் தோண்டி ஊற்றெடுக்கிறது. அது குடித்துப் போனபின் சிறிய உயிர்கள் வந்து அதே குழியில் குடிக்கின்றன. பெரியது குழியை மூடிவிட்டுப் போவதில்லை.

நாம் காட்டிலிருந்து எடுத்தது அதிகம். டாப்சிலிப் என்ற பெயரே, வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட காலத்தின் நினைவு. அந்த வெட்டுக்கு அணைபோட்டு, தேக்கு மறுபடி துளிர்க்க வழி செய்த வன அதிகாரி ஹியூகோ வுட், 1933இல் மறைந்தபின் அங்கேயே மரங்களுக்கு நடுவில் அடக்கமானார். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் மொழியில் கல்லறை வாசகம் இருக்கிறது. எடுக்கப் போன இடத்தில் விட்டுவைக்கக் கற்றவர் அவர். ஒரு மனிதரின் மனம் திரும்பினால் ஒரு மலை பிழைக்கும் என்பதற்கு அந்த மரங்களே சாட்சி.

நமக்குக் கீழேயும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைமடை விவசாயி, அடுத்த ஊர்க் கிணறு, வாய்க்கால் மேட்டில் வந்து நிற்கும் ஆடு. காடு நமக்கு விட்ட மிச்சம் தெளிவாக இருந்தது. நாம் விடும் மிச்சம் எப்படி இருக்கிறது? சாயக்கழிவு சுமந்த நொய்யல் ஆற்றைக் கண்ட கொங்கு மண்ணில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வழிபாடு நிறைவடையாது. மாசாணியம்மனைக் கும்பிட ஆனைமலைக்குப் போகிறவர்கள் ஆழியாற்றில் ஒரு துணியையோ பாலிதீன் பையையோ விடாமல் திரும்பினால், அம்மனுக்கு அதுவே முதல் நேர்த்திக்கடன்.

காலையில் சொம்பில் தண்ணீர் மொள்ளும்போது ஒரு கணம் நின்று, எனக்கு முன் குடித்த உயிர்களுக்கு நன்றி சொல்லலாம். போதும் என்ற இடத்தில் குழாயை மூடலாம். மிச்சத்தைப் பிரசாதமாக வாங்கத் தெரிந்தவன், தான் விடும் மிச்சத்தையும் பிரசாதமாகவே விடக் கடமைப்பட்டவன்.