பாலை வெறுநிலமா? - செலவின் அறம் பற்றிய ஒரு நோக்கு

முதுகிற் சுமந்த பையொன்றையே வீடாகக் கொண்டு, சிலி நாட்டின் வடக்கேயுள்ள அத்தக்காமாப் பாலையை நாடிச் செல்லும் இளைஞர் பலர். அப்பாலையின் ஓரத்தமைந்த அரிக்கா நகரிலே ஆண்டுச் சராசரி மழை ஒரு மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. அத்தகைய நிலத்தில் அவர்கள் தேடுவது யாது? வேலியின்மை, ஓசையின்மை, ஆளின்மை, சுருங்கக்கூறின் வெறுமை. எவருக்கும் உரித்தற்ற வெளியில், எவருக்கும் கடமைப்படாது நடத்தலே விடுதலை என்னும் எண்ணம் இவ்விழைவின் அடியிற் கிடக்கின்றது. அவ்வெண்ணம் ஏற்புடையதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தமிழ் அகமரபு பாலையை வேறுவகையாக நோக்கியது. பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிதல். பொருள் தேடிச் சுரங்கடப்பவனின் துணிவைக் காட்டிலும், அவன் விட்டுச்செல்லும் தலைவியின் துயரே அப்பாடல்களிற் பெரிதும் பேசப்படுகின்றது. புறப்பட எண்ணியவன் அத்துயர் கண்டு தன் பயணத்தைத் தவிர்த்தலைச் 'செலவழுங்குதல்' எனப் பெயரிட்டுப் போற்றினர். 'செலவு' என்னுஞ் சொல் பண்டைத் தமிழிற் பயணத்தைக் குறித்தது. இன்று பெரும்பாலும் பொருள் கழிதலைக் குறிக்கின்றது. இவ்விரு பொருளையும் இணைத்து நோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது: ஒருவன் செலவு மேற்கொள்ள, அச்செலவை இறுப்பவர் யார்?

பெரு நாட்டின் நஸ்காப் பாலைவெளி இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. மேற்பரப்பிலுள்ள கருநிறக் கற்களை அகற்றி, அடியிலுள்ள வெளிறிய மண்ணைத் தோற்றுவித்து வரையப்பட்ட பேருருவங்கள் அங்கே 1,500 ஆண்டுகளாக நிலைத்துள்ளன. 2014 திசம்பரில் சூழலியல் இயக்கமொன்றினர், காலநிலை மாற்றத்தை உலகுக்கு உணர்த்தும் நோக்குடன், பறவையுருவம் ஒன்றின் அருகே துணி எழுத்துக்களைப் பரப்பினர். அவர்தம் காலடிகள் அம்மண்ணிற் பதிந்துவிட்டன. இயக்கம் பின்னர் மன்னிப்புக் கோரியது. மழையில்லா நிலம் உருவங்களைக் காப்பதுபோலவே தழும்புகளையும் காக்கும். நோக்கத்தின் தூய்மை காலடியின் சுமையைக் குறைப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இதே வினா யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலும் எழுகின்றது. பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்கையில், அல்லைப்பிட்டிக்கும் வேலணைக்கும் இடையே அமைந்த மண்கும்பான் தன் பெயரிலேயே மண்ணைக் கொண்டது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறக் குறிகட்டுவான் செல்வோர் இப்பகுதியைக் கடந்தே செல்வர். ஊர்தியிலிருந்து நோக்குவோர்க்குத் தெரிவன மணல்மேடுகளும் பனைகளும், 1990 ஆகஸ்டிற் போரினால் மக்கள் இடம்பெயர்ந்தபின் வெறுமையுற்ற வீடுகளின் சுவர்களுமே. 'ஒன்றுமில்லாத இடம்' என்று கூறிக் கடந்துபோதல் எளிது. ஆயின் அம்மணலின் அடியில் வரலாறும் உண்டு, வாழ்வும் உண்டு. அயலூராகிய அல்லைப்பிட்டியில் 1977 இல் நிகழ்ந்த அகழாய்வு, சீனத்துச் சொங் அரசமரபுக் காலத்து மட்கலத் துண்டுகளை வெளிப்படுத்தியது. அதனினும் அரியது நீர். ஆறில்லாத தீவுக்கு மணலே நீர்த்தேக்கம். மாரிமழை மணலூடு இறங்கி, கனதி கூடிய உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. அந்நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை உவர்நீரைத் தள்ளி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட விதி. மேலே சிறிது குறையின் கீழே பன்மடங்கு இழக்கப்படும். மணல்மேடு அகழப்படும்பொழுது அயற்கிணற்றின் இனிமையும் உடன் அகழப்படுகின்றது.

மணல் ஏற்றுவோரை மட்டும் பழித்தல் முறையாகாது. போரில் இடிந்த வீட்டை மீளக் கட்டுபவனுக்கு மணல் வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் அதனை ஏற்றுபவனுக்குக் கூலி வேண்டும். ஒருவன் கூரைக்காக மற்றொருவன் கிணறு உவராதலே இங்குள்ள அறச்சிக்கல். காட்சி தேடும் பயணியும் மணல் தேடும் வணிகனும் விளைக்கும் கேடு அளவால் மிக வேறுபட்டது. எனினும், 'இஃது எவருடையதுமன்று' என நிலத்தை நோக்கும் கண் இருவர்க்கும் பொதுவாதல் கூடும்.

அவ்வாறாயின் பயணமே தவிர்க்கற்பாலதோ எனின், அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. செர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், நிலையான அமைதி பற்றி 1795 இல் வெளியிட்ட நூலில், அயல்நாட்டவன் பகைவனாகக் கருதப்படாது வந்துபோகும் உரிமை உடையவன் என்றார். வந்த நிலத்தைக் கைக்கொள்ள அவ்வுரிமை இடந்தரவில்லை. கணியன் பூங்குன்றனாரோ எல்லா ஊரையும் தம் ஊராகக் கொண்டவர். ஓர் ஊரைத் தன்னதெனக் கொள்பவன் அவ்வூர்க் கிணற்றையும் தன்னதெனக் காக்கக் கடமைப்பட்டவன். உரிமையை ஏற்றுக் கடமையை விடுதல் அவ்வுறவின் பாதியை மறுப்பதாகும்.

பாலையிலேனும் மணல்மேட்டிலேனும் கால்வைப்பவன் முதலிற் கேட்கவேண்டியது, 'இங்கு நீர் அருந்துவோர் யார்?' என்பதே. அவ்வினாவுடன் செல்பவனுக்கு எந்நிலமும் வெறுநிலமாகாது. அவ்விடத்து மேலும் ஓரடி வைப்பதைப் போன்றே, வையாது மீள்வதும் அவன் விடுதலையின்பாற்படும்.