எம்.சி இல்லாத காயம்

சிங்கப்பூரின் மேற்குக் கரையோரக் கப்பல் பட்டறைகளில் தமிழ்நாட்டு ஃபிட்டர்களும் வெல்டர்களும் ஏராளம். செயின் பிளாக்கில் தொங்கும் இரும்புத் தகட்டைக் கையால் திருப்பிவிடும்போது விரல் சிக்கிக்கொள்கிறது. கையுறையைக் கழற்றினால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். கிளினிக்குக்குப் போகும் வண்டியிலேயே மேற்பார்வையாளரின் பேச்சு தொடங்கிவிடும். “எம்.சி கேக்காத தம்பி. லைட் டூட்டி போட்டுத் தர்றேன், சம்பளம் புடிக்க மாட்டாங்க. கேஸுன்னு போனா பெர்மிட் போயிரும்.” தம்பியும் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

சட்டம் கொள்ளாது. 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதையும் ஏற்பதில்லை. வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் மருத்துவ விடுப்போ (எம்.சி) லைட் டூட்டியோ எழுதப்பட்டாலே முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறு யாருடையது என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை செய்கையில் அடிபட்டது என்பதே போதும். ஆனாலும் வாய் திறப்பவர் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் தாளோடு நின்றுவிடும்.

மேற்பார்வையாளரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. பெரும்பாலும் அவரும் வேலை பெர்மிட்டில் வந்தவர்தான், சில சமயம் பக்கத்து ஊர்க்காரர். விபத்துக் கணக்கு ஏறினால் துணை ஒப்பந்தக் கம்பெனிக்கு அடுத்த வேலை கிடைக்காது, இருபது பேர் பிழைப்பு கெடும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இருபது பேரின் பாரத்தை, அடிபட்ட ஒருவரின் கைமேல் ஏற்றிவைப்பது எந்த நியாயம்? தாங்க வேண்டிய முதலாளியும், இதற்கென்றே பிரீமியம் வாங்கும் காப்பீட்டு நிறுவனமும் அந்த வண்டியில் இல்லவே இல்லை.

கைக்காயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விரலை மடக்கும் தசைநார் அறுந்தால் அது உள்ளங்கைப் பக்கம் சுருங்கிக்கொள்ளும். மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால், சில வாரம் கழித்து அதை இழுத்துச் சேர்ப்பது கடினம். உரிய நேரத்தில் சேர்த்தாலும் ஏறக்குறைய ஆறு வாரம் கட்டு; பாரம் தூக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். இடையில் “சும்மா டூல் ஸ்டோர்ல நில்லு” என்று நிறுத்தப்பட்டவர், ஒரு ஸ்பேனர் பெட்டியை எட்டிப் பிடித்தால் போதும், தையல் விட்டுப்போகும். எவ்வளவு இழந்தோம் என்பது காயம் ஆறி நிலைத்த பிறகே, பெரும்பாலும் ஆறு மாதம் போல ஆன பின்பே மதிப்பிடப்படுகிறது. அப்படியானால் முதல் நாள் வண்டியில் தலையாட்டியவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. விலை தெரியாத பொருளை விற்றதாக ஒருவர்மேல் எப்படிச் சாட்ட முடியும்?

அதோடு ஏஜென்ட் காசு இருக்கிறது. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வந்தவர், பெர்மிட் என்ற சொல்லைக் கேட்டதும் எதற்கும் தலையாட்டுவார். “அவனே ஒத்துக்கிட்டான்” என்று பிறகு சொல்வது நேர்மையல்ல. கழுத்தில் கடன் இருப்பது தெரிந்தே கேட்கப்பட்ட சம்மதம், மிரட்டி வாங்கியதுதான். மௌனம் காத்ததற்காகத் தொழிலாளியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கேட்டவருக்குப் பங்குண்டு, கேட்கவைத்தவருக்கு அதைவிடப் பெரிய பங்குண்டு.

வீட்டில் யாராவது யார்டு வேலைக்குப் போயிருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: அடிபட்ட அன்றே கையைப் படம் எடுத்து, தேதி, நேரம், உடனிருந்தவர் பெயரோடு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். பெர்மிட்டை ரத்து செய்து திருப்பி அனுப்பினாலும், விபத்து நடந்த ஓராண்டுக்குள் இழப்பீடு கோரலாம்.