திறக்கும் நாள்

எடுத்து வைக்கத் தேவையில்லாத ஒயின் என்றுதான் மெர்லோவுக்குப் பெயர். மெர்லோ திராட்சை காபர்னே சாவிஞ்ஞோனைவிட ஓரிரு வாரம் முந்திப் பழுக்கும். தோல் மெலிது, துவர்ப்பும் மிதம். பெரும்பாலான மெர்லோவை இரண்டு மூன்று ஆண்டுகளில் குடித்துவிடலாம், குடித்துவிடவும் வேண்டும். விலக்கானவற்றுள் பல பிரான்சின் பொர்தோ வட்டாரத்தில், தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில் விளைகின்றன. அங்கே பொமரோல் என்ற ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 800 ஹெக்டேர். அவற்றுள் பெரும்புகழ் பெற்ற பெத்ரூஸ் தோட்டம் பதினொன்றரை ஹெக்டேர்தான். அதன் கெட்டிக் களிமண் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுகிறது. அந்த மண்ணில் விளையும் பழத்தின் செறிவுதான் ஒயினை இருபது முப்பது ஆண்டு நிலவறையில் தாங்க வைக்கிறது.

நிலவறைக்கு வேண்டியவை இருட்டு, 12–13 டிகிரி செல்சியஸ் சீரான குளிர்ச்சி, தக்கை உலராதபடி படுக்க வைத்த புட்டி. உள்ளே டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் நிறமிகளோடு கூடிக் கனத்து, வண்டலாகப் படிகின்றன; துவர்ப்பு தணிகிறது. ஊதா கலந்த சிவப்பு, விளிம்பிலிருந்து செங்கல் நிறமாகிறது. பிளம், செர்ரி வாசனை பின்வாங்க, உலர்ந்த அத்தி, புகையிலை, பதனிட்ட தோல், சில புட்டிகளில் ட்ரஃபிள் காளான் என வேறு வாசனைகள் எழுகின்றன.

முதிர்ந்த புட்டியை முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடிக்கு இறங்கும். 16–18 டிகிரியில், கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு வயதைச் சொல்லிவிடும். கோப்பையைச் சுழற்றும் முன் ஒருமுறை, சுழற்றியபின் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு ஒரு மிடறை வாயில் நிறுத்தி, புளிப்பு நாக்கிலும் துவர்ப்பு ஈறுகளிலும் எப்படி அமர்கின்றன என்று கவனிப்பார்கள். விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே தரத்துக்கு நம்பகமான அளவுகோல். சுவைப்பவர் அடுக்கும் பழப் பெயர்களில் பாதி அலங்காரம்தான்.

இவை எல்லாம் பழகினால் வந்துவிடும். எப்போது திறப்பது என்பதுதான் கடினம். நிலவறை காலத்தை நிறுத்துவதில்லை, அதன் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. உச்சம் கடந்த ஒயினில் பழச்சுவை வற்றிப் புளிப்புதான் மிஞ்சும். உச்சம் எந்த ஆண்டு என்பதோ திறந்தால்தான் தெரியும். 2004-இல் வந்த ‘சைட்வேஸ்’ திரைப்படத்தின் நாயகன் மெர்லோவை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவன். அவனே 1961-ஆம் ஆண்டின் செவால் பிளான் என்ற ஒயின் புட்டி ஒன்றை விசேஷ நாளுக்கென்று பூட்டி வைத்திருக்கிறான். அந்த நாள் வருவதாக இல்லை. கடைசியில் துரித உணவுக் கடையில் தனியாக அமர்ந்து அதைக் குடிக்கிறான். செவால் பிளானில் கலந்திருக்கும் இரண்டு முக்கியத் திராட்சைகளில் ஒன்று மெர்லோ என்பது படத்தின் குறும்பு.

புட்டியின் முதிர்ச்சிக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் தொடர்பு இல்லை. விவரமறிந்தவர்கள் ஒரே ஒயினில் ஆறோ பன்னிரண்டோ புட்டிகள் வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒன்றாகத் திறந்து அதன் போக்கைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு புட்டி வைத்திருப்பவர் சற்று முந்தித் திறப்பதே நல்லது. இளமை மாறாத மெர்லோவை ஓரிரு மணி நேரம் காற்றாட விட்டுத் தேற்றிவிடலாம். உச்சம் கடந்ததைத் தேற்ற வழி இல்லை.