விசுவாசத்துக்குத் தாய்மொழி உண்டா?

முன்னோர் ஜெபித்த மொழியைப் பேரப்பிள்ளைகள் மறந்துவிட்டால், அந்த முன்னோரின் விசுவாசம் அவர்களிடம் நிலைக்குமா? அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய லூத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் போராடிய கேள்வி இது. மொழி போனால் விசுவாசமும் போகும் என்று ஒரு சாரார் அஞ்சினர். மொழியை விடாமல் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளே சபையை விட்டுப் போய்விடுவார்கள் என்று மறு சாரார் அஞ்சினர்.

குடியேறியவர்களின் மொழி அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று தலைமுறைகளில் தேய்ந்தது. முதல் தலைமுறை தன் மொழியில் வாழ்ந்தது. இரண்டாவது இரு மொழிகளையும் பேசியது. மூன்றாவதுக்கு ஆங்கிலமே சொந்த மொழியானது. சந்தையிலும் வேலையிடத்திலும் முதலில் மறைந்த மொழி, ஆராதனையில் நெடுநாள் தங்கியது. அதனாலேயே மொழிப்பற்றும் இறைப்பற்றும் ஒன்று என்ற எண்ணம் வேரூன்றியது.

ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம் அனுப்பிய ஹென்றி மூலன்பெர்க் 1742-இல் பென்சில்வேனியா வந்து, 1748-இல் அங்குள்ள லூத்தரன் சபைகளை ஓர் அமைப்பாகத் திரட்டினார். அந்த அமைப்பு 1805-இல், தான் ஜெர்மன் பேசும் அமைப்பாகவே நீடிக்கும் என்று முடிவெடுத்தது. மறு ஆண்டே பிலடெல்பியாவில் ஆங்கிலம் வேண்டியவர்கள் பிரிந்து தனிச் சபை கண்டனர். ஆனால் அதே ஹாலேயில் பயின்ற சீகன்பால்க், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியிருந்தார். தமிழருக்குத் தமிழில் சொல்லக்கூடிய நற்செய்தியை, சொந்தப் பேரனுக்கு ஆங்கிலத்தில் சொல்ல அந்த மரபினர் தயங்கினர்.

மிசௌரி சினாடு என்னும் லூத்தரன் திருச்சபையிலும் இதே முரண் இருந்தது. 1839-இல் மிசௌரிக்கு வந்து சேர்ந்த சாக்சனியரும் பிறரும் 1847-இல் நிறுவிய இந்தத் திருச்சபையின் பெயரிலேயே 'ஜெர்மன்' என்ற சொல் இருந்தது. ஞானோபதேசம், ஞானப்பாட்டுகள், இறையியல் நூல்கள் அனைத்தும் அம்மொழியில் இருந்தன. ஆங்கிலம் நுழைந்தால் பிற சபைகளின் போதனையும் கூடவே நுழையும் என்று தலைவர்கள் கருதினர். ஆயினும் 1895-இல் இதே திருச்சபை கிருஷ்ணகிரியில் தன் ஊழியத்தைத் தொடங்கித் தமிழில் போதித்தது.

லூத்தரன் கோட்பாட்டின்படி எந்த மொழிக்கும் தனிப் புனிதம் இல்லை. லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டதும், 1526-இல் ஜெர்மன் ஆராதனை முறையை வகுத்ததும் சாதாரண மக்கள் புரிந்துகொள்வதற்காகவே. 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தியிலும் திருவருட்சாதனங்களிலும் உடன்பாடு இருந்தால் சபையின் ஒருமைக்குப் போதும் என்கிறது. மனிதர் வகுத்த முறைகள் எங்கும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இந்த அளவுகோலின்படி ஆங்கிலத்துக்கு மாறுவதில் குற்றமில்லை.

ஆனால் ஜெபம் கோட்பாடு மட்டுமன்று. சிறுவயதில் மனப்பாடமான விண்ணப்பமும், தாயின் மரணப்படுக்கையருகே பாடிய பாட்டும் சொல்லோடும் ஓசையோடும் மனத்தில் பதிந்தவை. கோட்பாட்டை மொழிபெயர்க்கலாம், இந்த நினைவை மொழிபெயர்க்க முடியாது. விசுவாசத்துக்குத் தாய்மொழி இல்லை என்றாலும் விசுவாசிக்கு உண்டு. பழைய மொழியை இழந்த சபை தன் விசுவாசத்தை இழப்பதில்லை. ஆனால் அது இழப்பது அற்பமானதும் அன்று.

முதல் உலகப் போரின்போதும் அதையடுத்தும் அரசு இந்த மொழிச் சிக்கலில் தலையிட்டது. 1918-இல் அயோவா ஆளுநர் ஹார்டிங், ஆராதனையிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலமல்லாத மொழிகளைத் தடை செய்து ஆணையிட்டார். நெப்ராஸ்காவின் 1919 சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்றுமொழி கற்பிப்பதைத் தடுத்தது. ஜெர்மன் மொழியில் வேதக் கதைகளை வாசிக்கக் கற்பித்த லூத்தரன் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மேயருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1923-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை ரத்து செய்தது. உரிமை மீண்டது, மொழி மீளவில்லை. ஏற்கெனவே 1917-இல் மிசௌரி சினாடு தன் பெயரிலிருந்து 'ஜெர்மன்' என்பதை நீக்கியிருந்தது. அடுத்த தலைமுறையில் ஆங்கில ஆராதனையே வழக்கமாகிவிட்டது.

ஜெர்மன் பேசும் மற்றொரு கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்கள் வேறு வழியில் சென்றனர். வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மன், வேதவாசிப்பில் உயர் ஜெர்மன், வெளியாரிடம் ஆங்கிலம் என்று அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக்கொள்ளும் அவர்கள் உரிமையை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர்கள் மொழியைக் காப்பது ஆராதனை மட்டுமன்று. திருமணம், தொழில், கல்வி எல்லாவற்றிலும் உலகத்திலிருந்து ஒதுங்கிய வாழ்க்கை. அந்த விலையைத் தராத சமூகம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை மட்டும் நம்பி மொழியைக் காக்க இயலாது.

குடியேறியவர் மொழியை விடுவார், மதத்தை விடத் தேவையில்லை என்பதே அமெரிக்கச் சமூகத்தின் எதிர்பார்ப்பு என்று சமயச் சிந்தனையாளர் வில் ஹெர்பெர்க் 1955-இல் எழுதினார். அதனால் மூன்றாம் தலைமுறைக்கு மதமே அடையாளம் ஆகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு: விசுவாசம் வெறும் வம்ச முத்திரையாகிவிடக்கூடும். புரியாத மொழியில் மனப்பாடமாகச் சொல்லும் ஜெபம் அந்த ஆபத்தை வளர்க்கும்.

ஆகவே சபைக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதியோர் உயிரோடிருக்கும்வரை அவர்கள் மொழியில் திருவிருந்தும் ஆறுதலும் கிடைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவர்கள் சிந்திக்கும் மொழியில் போதனை கிடைக்க வேண்டும். ஒரே ஞாயிறன்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி ஆராதனை நடத்திய சபைகள் இவ்விரண்டையும் செய்தன. எப்போது மாறுவது என்பது சபையே தீர்மானிக்க வேண்டியது. அரசுக்கு அதில் இடமில்லை. இவ்விரு கடமைகளும் மோதும்போது பிள்ளையின் புரிதலுக்கே முதலிடம் தர வேண்டும். லூத்தர் வேதத்தை மக்களின் மொழிக்குக் கொண்டுவந்ததன் நோக்கமும் அதுவே.