கேளாத இரக்கம்

பிறர்சிநேகம் உள்ளவர் அநியாயம் செய்வாரா? செய்யக்கூடும், அதுவும் இரக்கத்தினாலேயே.

1994-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர், தாதியர் முதலானோர் 233 பேரைக் கேட்டார்கள்: முதுகுத்தண்டில் கடுமையாக அடிபட்டபின் உயிரோடிருப்பதற்காக மகிழ்வீர்களா? நூற்றுக்கு 18 பேரே "ஆம்" என்றார்கள். அவ்விதம் அடிபட்டு வாழ்ந்து வருவோரிலோ நூற்றுக்கு 92 பேர் மகிழ்கிறோம் என்றார்கள்!

சுகதேகி தன் அச்சத்தையே பிறர் வாழ்வுக்கு அளவுகோலாக்குகிறார். அச்சத்தோடு நின்றால் பாதகமில்லை. ஆனால் சுவாசக் கருவி வைக்கலாமா வேண்டாமா என்று யோசனை சொல்லும் இடத்தில் அல்லவா அவர் நிற்கிறார்! "இப்படிப் பிழைத்து என்ன பயன்?" என்ற நினைப்பு அவரறியாமலே சிகிச்சைக்குள் நுழையலாம். 2021-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 714 அமெரிக்க வைத்தியர்களுள் நூற்றுக்கு 82 பேர், பெரும் ஊனமுற்றோரின் வாழ்க்கைத் தரம் மற்றவரைவிடத் தாழ்ந்ததென்றே கருதினார்கள். படித்தவர்கள், நல்லவர்கள்தாம்.

வைத்தியரை மட்டும் குறை சொல்வானேன்? சக்கர நாற்காலியில் வந்தவரை விட்டு, தள்ளி வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கோவில் வாசலில் நாமே கேட்டதில்லையா?

எரிக்கோ வழியோரம் கூவியழைத்த பார்வையற்ற பர்த்திமேயுவுக்கு என்ன வேண்டுமென்பது கூட்டத்தில் எவருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் ஆண்டவர் அவரையே கேட்டார். அவர் வாய்திறந்து சொன்ன பின்னரே குணமாக்கினார்.